பத்துக்குப் பத்து என்றால் நூற்றுக்கு நூறா?

திருப்பாலைவனம் என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? மணற்குன்றும் ஒட்டகமும் தோன்றினால் நீங்கள் ஏமாந்து போனீர்கள். பொன்னேரிப் பக்கம், பழவேற்காடு ஏரிக்கு அருகே இருக்கும் பச்சைப் பசேலென்ற ஊர் அது. பாலை என்பது இங்கே ஒரு மரத்தின் பெயர். பாலை மரங்கள் அடர்ந்த வனம் ஆகையால் பாலைவனம். தலைப்பை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பதற்கு அந்த ஊர்ப் பெயரே நல்ல பாடம்.

அந்த ஊர்ப் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில்தான் இக்கட்டுரை பிறந்தது. பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் விஞ்ஞானம் எழுதுபவன் என்று கடைக்காரர் சொல்லக் கேட்டதும், சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் நாலாக மடித்த செய்தித்தாள் துண்டு. 'புற்றுநோய்க்கு முற்றுப்புள்ளி' என்று தலைப்பு. தானமாகப் பெற்ற நோய் எதிர்ப்பு அணுக்களால் இலண்டனில் ஒரு சிறுமியின் இரத்தப் புற்றுநோய் மறைந்தது என்பது செய்தி.

"சார், என் தங்கச்சி பேரனுக்கும் இதே ரத்தப் புத்துநோய்தான். மெட்ராஸ்ல வைத்தியம் நடக்குது. இந்த மருந்து இருக்குறப்போ அவனுக்கு ஏன் இன்னும் மாத்திரையே குடுக்குறாங்க? ஒருத்தர் சொன்னாரு, இதே மாதிரி ஊசி ஓரிடத்துல போடுறாங்களாம். பல லட்சம் ஆகுமாம். படகையும் இஞ்சினையும் வித்தா முடியும்னு பேசிக்கிட்டு இருக்கோம்."

வாசகர்களே, இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அன்று. இதை அவர் மனத்தில் விதைத்தவர்கள், என்னைப் போல் விஞ்ஞானச் செய்தி எழுதுகிறவர்கள். ஆகவே, குழந்தைப் புற்றுநோய்க்கான தான அணுச் சிகிச்சை எப்படிச் சோதிக்கப்படுகிறது, அச்சோதனைகளை நாம் எப்படி எழுதுகிறோம், எப்படிப் படிக்கிறோம் என்பதைச் சற்று விமர்சனக் கண்ணோடு பார்ப்போம்.

தானமாக வரும் காவலர்கள்

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களில் சில, உடம்பைச் சுற்றிவரும் காவலர்கள். வழிதவறிப்போன அணுக்களைக் கண்டுபிடித்துக் கொல்வது அவற்றின் வேலை. இவற்றுள் ஒரு வகையை 1975 ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ரோல்ஃப் கீஸ்லிங் முதலியோர் அடையாளம் கண்டு, 'இயற்கைக் கொல்லி அணுக்கள்' என்று பெயரிட்டார்கள். முன்பயிற்சி இல்லாமலே புற்றணுவைத் தாக்குவதால் இந்தப் பெயர்.

இவை நம் சொந்த அணுக்களை ஏன் கொல்வதில்லை? ஒவ்வோர் அணுவும் தன் மேற்பரப்பில் 'நான் இந்த வீட்டுப் பிள்ளை' என்று சொல்லும் அடையாளச் சீட்டு ஒன்றை வைத்திருக்கிறது. கொல்லி அணு அந்தச் சீட்டைப் பார்த்தால் விட்டுவிடுகிறது. புற்றணுவும் அதே வீட்டில் பிறந்ததுதானே! அதனிடமும் பெரும்பாலும் அதே சீட்டு இருக்கும். ஆகவே அது தப்பிவிடுகிறது.

சரி, காவலர் வேறு வீட்டுக்காரராக இருந்தால்? அவருக்கு இந்த வீட்டுச் சீட்டு தெரியாது. புற்றணுவை அவர் விடமாட்டார். தாயின் அல்லது தந்தையின் அணுக்கள் குழந்தையோடு பாதி ஒத்தும் பாதி ஒவ்வாமலும் இருப்பவை. அவற்றைக் கொடுத்தால் என்ன என்று மருத்துவர்கள் எண்ணியது இதனால்தான். இத்தாலியில் பெரூஜியா நகர ஆராய்ச்சியாளர்கள் 2002 இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்துக்குப் பெரும் வலுவூட்டியது. பாதி ஒத்த தானத்தால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில், கொல்லி அணுக்கள் இப்படி 'வேறு வீட்டுக்காரராக' அமைந்தபோது, மைலாய்டு லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய் திரும்பி வருவது குறைந்திருந்தது.

வெளியாரின் அணுக்களைச் செலுத்துவதில் ஆபத்தும் உண்டு. வெள்ளணுக்களில் 'டி' அணுக்கள் என்ற மற்றொரு வகை இருக்கிறது. அவை வந்த வீட்டின் தோல், குடல், கல்லீரல் எல்லாவற்றையுமே அந்நியமாக எண்ணித் தாக்கக்கூடும். கொல்லி அணுக்கள் இந்தக் கேட்டைப் பெரும்பாலும் செய்வதில்லை என்பது அவற்றின் சிறப்பு.

பத்துக்குப் பத்து

இனி ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனை 2010 இல் அதை வெளியிட்டது. மைலாய்டு லுகேமியா கண்ட 10 பேர் அதில் சேர்ந்தார்கள். கைக்குழந்தை முதல் இளைஞர் வரை இருந்தனர். வழக்கமான மருந்துகளால் நோய் தணிந்த பிறகு, பெற்றோர் போன்ற உறவினரின் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை இயந்திரத்தின் மூலம் பிரித்தார்கள். அவற்றிலிருந்து டி அணுக்களை நீக்கிக் கொல்லி அணுக்களை மட்டும் எடுத்தார்கள். வந்த அணுக்களுக்கு இடம் உண்டாகும்படி குழந்தைக்கு இரண்டு மருந்துகளைக் கொடுத்துவிட்டு, அணுக்களை இரத்தத்தில் ஏற்றினார்கள். அவை தழைக்க இன்டர்லூகின்-2 என்ற ஊக்கியையும் ஊசியாகப் போட்டார்கள். தானமாக வந்த அணுக்கள் நடு அளவாகப் பத்து நாட்கள் உடம்பில் தங்கின.

விளைவு? ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகும் பத்துப் பேருக்கும் நோய் திரும்பவில்லை! பத்துக்குப் பத்து!

இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றும்? 'நூற்றுக்கு நூறு வெற்றி' என்றுதானே? ஆனால் அந்த ஆராய்ச்சியாளர்கள் அப்படி எழுதவில்லை. கட்டுரைத் தலைப்பிலேயே இது பாதுகாப்பையும் செய்யமுடியுமா என்பதையும் அறியும் முன்னோட்டம் என்று குறிப்பிட்டார்கள். நோயின்றி இருப்போர் விகிதம் நூறு என்று போட்டு, உண்மையான அளவு 63 முதல் 100 வரை எங்கும் இருக்கலாம் என்று பக்கத்திலேயே அச்சிட்டார்கள்.

63 எங்கே, 100 எங்கே! ஏன் இவ்வளவு அகலம்? எண்ணிக்கை சிறியது என்பதால்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 80 பேர் குணமாகும் சாதாரணச் சிகிச்சை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் பெற்றவர்களில் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பேரை எடுத்தால், பத்துப் பேருமே குணமானவர்களாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்பதில் ஒன்று. அதாவது, புதுச் சிகிச்சையில் எந்தச் சக்தியும் இல்லாவிட்டால்கூட, நல்வாய்ப்பால் 'பத்துக்குப் பத்து' வந்துவிடலாம்.

வலையா, பாடா?

எண்ணிக்கை ஒருபுறம் இருக்கட்டும். அதைவிட நுட்பமான கேள்வி, அந்தப் பத்துப் பேர் யார் என்பது. இதைப் பெரியவருக்கு விளக்க நான் தடுமாறியபோது, பழவேற்காடு ஏரியே எனக்குக் கைகொடுத்தது.

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. ஏரியில் மீனும் இறாலும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஆகவே வலை கட்டும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, உரிமையுள்ளவர்கள் முறை வைத்து மாறிமாறி மீன் பிடிக்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடக் கூடாது என்பது நோக்கம்.

நான் கேட்டேன்: "ஐயா, ஒருவர் புதுவகை வலை வாங்கி, முதல் நாளே கூடை கூடையாக இறால் பிடித்துவிட்டார். உடனே நீங்களும் அந்த வலையை வாங்கிவிடுவீர்களா?"

அவர் சிரித்தார். "எந்தப் பாட்டுல கட்டினான்னு மொதல்ல கேப்பேன் சார். நல்ல பாட்டுல, நல்ல நீரோட்டத்துல கட்டினா கிழிஞ்ச வலையிலகூட இறால் விழும்."

இதைவிடச் சிறந்த விஞ்ஞான விமர்சனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை! மெம்பிஸ் சோதனையில் சேர்ந்த பத்துப் பேரும் மருந்துகளால் முன்பே நோய் தணிந்தவர்கள். எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படும் அளவுக்கு மோசமான வகை நோய் அவர்களுக்கு இல்லை. அவர்கள் ஓரளவு நல்ல பாட்டில் இருந்தவர்கள். கிடைத்த வெற்றி வலையினாலா, பாட்டினாலா? ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு கூட்டம் இல்லாத வரை இதற்கு விடை கிடையாது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து

அந்த ஒப்பீட்டை அதே மருத்துவமனை செய்தது. அதன் முடிவு 2019 இல் வெளிவந்தது. நடுத்தர ஆபத்துள்ள மைலாய்டு லுகேமியாக் குழந்தைகளில் 21 பேர் வழக்கமான மருந்தோடு உறவினரின் கொல்லி அணுக்களையும் பெற்றார்கள். அவர்களோடு ஒப்பிடப்பட்ட 55 பேர் மருந்து மட்டும் பெற்றார்கள். மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியது, அணு பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேர் என்ற கணக்கில். பெறாதவர்களில் 35 பேர் என்ற கணக்கில். புள்ளியியல்படி இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பத்துக்குப் பத்து எங்கே போயிற்று? பெருங்கூட்டத்தில் கரைந்துவிட்டது.

இந்த இரண்டாவது ஆய்வையும் விமர்சனமின்றி ஏற்க வேண்டியதில்லை. 21 பேர் என்பதும் சிறு கூட்டமே. யாருக்கு அணு, யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. பொருத்தமான தானம் செய்பவர் உண்டா, குடும்பம் சம்மதித்ததா என்பவற்றைப் பொறுத்து அமைந்தது. சில நாட்களே தங்கும் அணுக்களுக்குப் பதில் நெடுநாள் வாழும் அணுக்களைக் கொடுத்தால் பலன் வேறாக இருக்கலாம். அதற்கான ஆராய்ச்சிகள் நடக்கின்றன. எனவே கொல்லி அணுக்களின் கதை முடிந்துவிட்டது என்று சொல்லவும் இடமில்லை.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதல் ஆய்வின் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்திருப்பார்கள்? வெற்றிக்குக் கிடைக்கும் தலைப்பு தோல்விக்குக் கிடைப்பதில்லை. தன் சொந்த நம்பிக்கையைத் தானே சோதித்து, 'பலனில்லை' என்று அறிவித்த மருத்துவமனையின் நேர்மைதான் உண்மையில் பெரிய செய்தி. அதை நாம் எழுதவில்லை.

இலண்டன் செய்தியில் விடுபட்டவை

பெரியவர் வைத்திருந்த துண்டுக்கு வருவோம். அதில் சொல்லப்பட்ட நிகழ்ச்சி உண்மையே. இலண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில், டி அணுக்களிலேயே தோன்றிய லுகேமியாவால் வாடிய 13 வயதுச் சிறுமிக்கு 2022 இல் இச்சிகிச்சை தரப்பட்டது. மருந்துகளும் எலும்பு மஜ்ஜை மாற்றும் பலிக்காத நிலை. ஆரோக்கியமான ஒருவர் தானமளித்த டி அணுக்களை எடுத்து, அவற்றின் மரபுச் செய்தியில் குறிப்பிட்ட எழுத்துகளை மட்டும் மாற்றினார்கள். வந்த வீட்டைத் தாக்காதபடியும், ஒன்றையொன்று கொல்லாதபடியும், புற்றணுவைத் தேடிக் கொல்லும்படியும் அவற்றைப் பழக்கினார்கள். ஒரு மாதத்துக்குள் நோய் தணிந்தது. வியக்கத்தக்க விஞ்ஞானம்!

விடுபட்டவை எவை? முதலாவது, அணுச் சிகிச்சையோடு வேலை முடியவில்லை. நோய் தணிந்த இடைவெளியில் அச்சிறுமிக்கு மீண்டும் எலும்பு மஜ்ஜை மாற்று செய்தார்கள். அணுக்கள் ஆற்றைக் கடக்கும் பாலமாக உதவின. அக்கரை எலும்பு மஜ்ஜை மாற்றுதான். இரண்டாவது, 2023 இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் மூன்று குழந்தைகளின் விவரம் இருந்தது. அவர்களில் ஒரு குழந்தை பூஞ்சைத் தொற்றால் இறந்துவிட்டது. எதிர்ப்புச் சக்தி அடியோடு குறைந்திருக்கும் வாரங்களில் ஒரு காளான் விதைகூட எமனாகலாம். மூன்றாவது, இது வேறு வழியே இல்லாத குழந்தைகளுக்கு மட்டுமான சோதனை.

நம் பெரியவரின் பேரன் நிலை என்ன? அவர் காட்டிய மருத்துவச் சீட்டைப் பார்த்தேன். குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா. முதற்கட்ட மருந்துகளுக்கு நோய் நன்றாகத் தணிந்து, இப்போது தொடர் சிகிச்சை நடக்கிறது. தினமும் மெர்காப்டோபியூரின், வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட். 'ரத்தப் புற்றுநோய்' என்ற ஒரே சொல்லால் செய்தித்தாள் இரண்டு வேறு நோய்களை ஒன்றாக்கிவிட்டது!

தலைப்புக்கு வராத சாதனை

அந்தச் சில்லறை மாத்திரைகளுக்குப் பின்னாலும் ஒரு பெரும் சோதனை இருக்கிறது. அது நடந்தது நம் நாட்டில். 1984 இல் அமெரிக்க மருத்துவர் இயன் மெக்ராத்தின் ஒத்துழைப்போடு, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் ஆகிய மூன்றும் 'எம்.சி.பி.-841' என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைக் கையாளத் தொடங்கின. அடையாறில் டாக்டர் வி. சாந்தா இதற்குத் தலைமை தாங்கினார். புதிய மருந்து ஒன்றுமில்லை. இருந்த மருந்துகளை ஒழுங்கான வரிசையில், ஒழுங்கான அளவில் கொடுத்து, ஒவ்வொரு நோயாளியையும் கணக்கில் வைத்தார்கள்.

ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் 2005 இல் வெளிவந்தன. முன்பு நூற்றுக்கு இருபது பேர்கூட நீடித்துப் பிழைக்காத நோயில், நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் நோயின்றி இருந்தவர்கள் மையத்துக்கு மையம் 45 முதல் 60 வரை உயர்ந்திருந்தார்கள். அதன் பிறகு நிலைமை மேலும் முன்னேறியிருக்கிறது. இந்த வெற்றிக்கு எந்தத் துணுக்கையும் யாரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை!

புது அணுச் சிகிச்சையிலும் நம் நாடு பின்தங்கி இல்லை. நோயாளியின் சொந்த டி அணுக்களை மாற்றியமைத்துத் தரும் சிகிச்சை, டாட்டா மையத்தின் நவி மும்பை வளாகத்தில் 2021 சூன் 4 அன்று முதன்முதலாகத் தரப்பட்டது. மும்பை ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து உருவாக்கிய அந்த மருந்துக்கு 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, இத்தகைய அணுக்களை மருத்துவமனையிலேயே தயாரித்துச் சோதித்து, 2025 இல் முடிவை வெளியிட்டது. லுகேமியா நோயாளிகள் அனைவருக்கும், லிம்போமா நோயாளிகளில் பாதிப் பேருக்கும் நோய் தணிந்தது. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்கிறீர்களா? மீண்டும் பத்துப் பேர்தான்! இவை சொந்த அணுக்கள், தான அணுக்கள் அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். செலவைக் குறைத்து இங்கேயே செய்யமுடியும் என்று காட்டியது பெரிய காரியம். பத்துப் பேரை வைத்து 'நூறு சதவிகித வெற்றி' என்று தலைப்பிடுவது வேறு காரியம்.

படிக்கும்போது கேட்க வேண்டியவை

அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, பேனாவை எடுத்து ஓரத்தில் ஐந்து கேள்விகளை எழுதுங்கள். எத்தனை பேர்? எந்த வகை நோய், எந்தக் கட்டத்தில்? யாரோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை ஆண்டுகள் கவனித்தார்கள்? இறந்தவர்கள், பாதிக்கப்பட்டவர்கள் பற்றி என்ன சொல்லியிருக்கிறது? ஐந்தில் மூன்றுக்காவது செய்தியில் விடை இல்லாவிட்டால், அது இன்னும் செய்தியாகவில்லை என்று கொள்ளுங்கள்.

ஆறாவது கேள்வி ஒன்று உண்டு. அது குடும்பங்களுக்கு. 'யார் பணம்?' உண்மையான சோதனையானால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஆராய்ச்சிக்கான செலவைச் சேருபவர் தலையில் கட்டக் கூடாது. மருந்துச் சோதனைகளை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். அதை யாரும் கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். குழந்தைக்குப் புரியும் வயதானால் அதன் இசைவையும் கேட்க வேண்டும். பதிவு எண் சொல்லாமல் பணத்தை முதலில் கேட்கும் இடம் சோதனைச்சாலை அன்று, கடை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பேருந்து வந்துவிட்டது. பெரியவர் துண்டை மடித்து மீண்டும் உறைக்குள் வைத்தார். தூக்கி எறியவில்லை. எறியச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. அது உண்மைச் செய்திதான். என்றைக்காவது யாருடைய பேரனுக்காவது உதவக்கூடியதுதான். "அப்போ மாத்திரையை நிறுத்தக் கூடாதுங்கிறீங்க" என்றார்.

"ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு என்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்?"

"வர்ற செவ்வாய்க்கிழமை."

"அன்றைக்கு இந்தத் துண்டையும் டாக்டரிடம் காட்டி, நம் பையனுக்கு இது தேவைப்படுமா என்று கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். படகு ஏரியிலேயே இருக்கட்டும்."